கடலுக்கு அப்பால் ஓர் இரவு

(பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, கடல் ஞாயிறு – 2025 ஜூலை 13 – வானொலி மறையுரை.
வாசகங்கள்: இணைச்சட்டம் 30:10-14, கொலோசையர் 1:15-20, லூக்கா 10:25-37)



ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறைத் திருஅவை 'கடல் ஞாயிறு' என்று நினைவுகூர்கிறது. கப்பலில் வேலை செய்பவர்களுக்காகவும், கடல் பயணம் செய்பவர்களுக்காகவும், அவர்களுக்காக வீட்டில் காத்திருப்பவர்களுக்காகவும் மன்றாடும் நாள் இது. எருமப்பட்டிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நம் கண்ணெதிரே நிற்பது கொல்லிமலை. நம்மைச் சுற்றி இருப்பவை கோழிப்பண்ணைகளும் சோளக் காடுகளும். நம் சாலையில் ஓடுபவை லாரிகள். வேளாங்கண்ணிக்குப் போகும்போதுதான் நம்மில் பலர் கடலைப் பார்க்கிறோம்.

ஆனால் இன்றைய முதல் வாசகத்திலேயே கடல் வருகிறது. ஆண்டவரின் கட்டளை எட்டாத உயரத்தில் இல்லை, யாராவது கடலைக் கடந்து போய்க் கொண்டுவரும்படி அது கடலுக்கு அப்பாலும் இல்லை, மிக அருகில், உன் வாயிலும் உன் இதயத்திலும் இருக்கிறது என்று மோசே மக்களிடம் சொல்கிறார். நற்செய்தியிலோ எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனையும், அவன்மேல் இரக்கம் கொண்ட சமாரியனையும் காண்கிறோம். இந்த இரண்டு வாசகங்களும் சென்ற ஆண்டு நம் பங்கில் ஒரே இரவில் ஒன்றாக வந்து நின்றன. அந்த இரவைப் பற்றி இன்று பேசுகிறோம். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரே இதைச் சொல்லச் சொன்னார்கள். "நாலு பேருக்கு உதவட்டுமுங்க சாமி" என்றார்கள்.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவரும் அவர் துணைவியாரும். நாற்பது ஆண்டுகள் பண்ணையில் கோழிகளோடு வாழ்ந்தவர்கள். ஒரு நாள்கூடப் பண்ணையை விட்டு வெளியே தங்காதவர்கள். அவர்களுடைய மகள் சிங்கப்பூரில் செவிலியராக வேலை செய்கிறார். 'அப்பாவும் அம்மாவும் ஒருமுறையாவது சந்தோஷமாக எங்காவது போய் வரட்டும்' என்று, நாமக்கல் பக்கத்திலிருந்து போன ஒரு குழுவோடு அவர்களைச் சொகுசுக் கப்பலில் அனுப்பி வைத்தார். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவையும் தாய்லாந்தையும் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணம் அது.

இரண்டாம் நாளே பெரியவருக்கு நெஞ்சில் பாரம் போட்டது. தாடை வரை வலி போனது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. 'வாயுத் தொல்லை' என்று மனைவியிடம் சமாளித்தார். பின்னால் நம்மிடம் சொன்னார்: "பொண்ணு கஷ்டப்பட்டுச் சேத்த காசு சாமி. பாதியில இறங்கினா வீணாப் போயிருமேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

நான்காம் நாள், கப்பல் புக்கெட் தீவில் நின்றபோது, உணவுக்கூடத்தில் வியர்த்துக் கொட்டிச் சாய்ந்துவிட்டார். கப்பலில் மருத்துவர் இருந்தார். 100 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு, மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலில் தகுதிபெற்ற மருத்துவர் இருக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. அவர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார், மாரடைப்பு என்றார். முதலுதவி தரலாம், உயிரைப் பிடித்து வைக்கலாம்; இதயக்குழாய் அடைப்பை நீக்கும் வசதி கப்பலில் கிடையாது, உடனே கரையில் இறக்க வேண்டும் என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவரையும் அவர் துணைவியாரையும் இரண்டு பெட்டிகளையும் இறக்கினார்கள். மாலை ஆறு மணிக்குக் கப்பல் புறப்பட வேண்டும். கூட வந்தவர்களில் ஒருவர் தம் கையிலிருந்த தாய்லாந்துப் பணத்தை அம்மாவின் கையில் திணித்துவிட்டு ஓடினார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கப்பல் யாருக்காகவும் நிற்பதில்லை.

அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. மருத்துவமனையில் முன்பணம் கேட்கிறார்கள். 'என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?' என்று கேட்கிறார்கள். அம்மாவுக்குத் தெரிந்தது 'காலையில வெள்ளை ஒண்ணு, ராத்திரி சிவப்பு ஒண்ணு' என்பது மட்டும்தான். அதில் ஒன்று இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கப்பட்ட மாத்திரை. ஆறு ஆண்டுக்கு முன்னால் பெரியவருக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அந்த மருத்துவத் தாள்கள் எருமப்பட்டி வீட்டு பீரோவில் இருந்தன. மகளுக்கு அன்று இரவுப் பணி. அலைபேசி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அம்மாவிடம் மனப்பாடமாக வேறு எண் எதுவும் இல்லை. கைப்பையில் செபப் புத்தகம் இருந்தது. அதன் பின்னட்டையில் பங்கு இல்லத்தின் எண்ணை எழுதி வைத்திருந்தார். செவிலியர் ஒருவருடைய அலைபேசியை வாங்கி அந்த எண்ணுக்கு அழைத்தார்.

அன்புக்குரியவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறோம். ஏனென்றால் அடுத்து வருவது நம்மைப் பற்றியது.

அப்போது நம் ஊரில் இரவு ஒன்பதரை மணி. பங்கு இல்லத்தில் பங்குத்தந்தையும் பேரவை உறுப்பினர்களும் உட்கார்ந்து திருவிழாக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தோம். தேர் அலங்காரத்துக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, மின்விளக்குக்கு யார் பொறுப்பு என்று பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்தது. மேசைமேல் இருந்த அலைபேசி அதிர்ந்தது. வெளிநாட்டு எண். "ஏமாத்துக்காரனா இருப்பான் சாமி, இப்பெல்லாம் இப்படித்தான் கூப்பிடறானுங்க" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினோம். இரண்டாம் முறை அதிர்ந்தது. மூன்றாம் முறையும் அதிர்ந்தது. அலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மின்விளக்குக் கணக்குக்குத் திரும்பினோம்.

இன்றைய நற்செய்தியில் ஒரு குரு அவ்வழியே வந்தார், கண்டார், மறுபக்கமாய் விலகிச் சென்றார். பிறகு ஒரு லேவியர் வந்தார், அவரும் அப்படியே போனார். இந்தப் பகுதியைப் பீடத்திலிருந்து எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அவர்கள் எருசலேம் கோவிலின் கடமையை நினைத்திருக்கலாம், தீட்டுக்கு அஞ்சியிருக்கலாம், கள்வர் விரித்த வலையோ என்று ஐயப்பட்டிருக்கலாம் என்றெல்லாம் சொல்லியிருக்கிறோம். ஏமாற்றாக இருக்குமோ என்ற அதே ஐயம், கோவில் வேலை இருக்கிறதே என்ற அதே சாக்கு. அந்தக் குருவும் லேவியரும் அன்றிரவு எருமப்பட்டிப் பங்கு இல்லத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சமாரியர் எங்கே இருந்தார்? புக்கெட் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் இருந்தார். தரை துடைக்கும் ஒரு தாய்லாந்துப் பெண். கழுத்தில் புத்தர் பதக்கம். நள்ளிரவில் அவருக்கு வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் செபமாலையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நம் அம்மாவைப் பார்த்தார். ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சி வாங்கி வந்தார். போர்வை கொண்டுவந்து போர்த்தினார். பேச்சு இல்லை, இருவருக்கும் பொதுவான ஒரு சொல்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். விடியும் வரை விடவில்லை. காலை முதல் விமானத்தில் மகள் வந்து சேர்ந்தபிறகுதான் எழுந்து போனார். "அந்தம்மா பேருகூடத் தெரியாதுங்க சாமி" என்று சொல்லும்போதெல்லாம் நம் அம்மாவுக்குக் கண் கலங்கும்.

நற்செய்தியில் நாம் எளிதில் தாண்டிப் போகும் ஒரு சொல் இருக்கிறது. சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார், கட்டினார், தம் விலங்கின்மீது ஏற்றினார், சாவடிக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு லூக்கா 'மறுநாள்' என்கிறார். மறுநாள்தான் இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கொடுக்கிறார். அப்படியென்றால் அந்த இரவு முழுவதும் அவர் அங்கேயே இருந்திருக்கிறார். காயப்பட்டவரின் பக்கத்தில் ஓர் இரவு கண்விழித்திருக்கிறார். பணம் கொடுத்தது மறுநாள். உடனிருந்தது அந்த இரவு. அந்நிய ஊரில் நோயில் விழுந்தவருக்கு முதலில் வேண்டியது உடனிருக்கும் ஒரு மனிதர்.

லூக்கா இதை அறிந்தே எழுதியிருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது. இன்றைய இரண்டாம் வாசகம் எடுக்கப்பட்ட அதே கொலோசையர் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில், பவுல் அவரை அன்புமிக்க மருத்துவர் என்று அழைக்கிறார். திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி இரண்டு அதிகாரங்கள் ஒரு கப்பல் பயணம். கைதியாக உரோமைக்குப் போகிறார் பவுல். சீதோனில் கப்பல் நின்றபோது, நூற்றுவர் தலைவர் யூலியு, நண்பர்களிடம் போய்க் கவனிப்புப் பெற்றுவர அவருக்கு அனுமதி தருகிறார். பிறகு புயல். பதினான்கு நாள் பட்டினி. கப்பலில் 276 பேர். பவுல் அவர்களைச் சாப்பிடச் சொல்லி, அப்பத்தை எடுத்து நன்றி கூறி, எல்லார் முன்பாகவும் உண்கிறார். கப்பல் உடைகிறது, ஒருவர்கூட இறக்கவில்லை. மால்தா தீவின் மக்கள் மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி அவர்களை வரவேற்கிறார்கள். அங்கே புப்ளியுவின் தந்தை காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் படுத்திருக்கிறார். பவுல் வேண்டுதல் செய்து, அவர்மேல் கைகளை வைத்து நலமாக்குகிறார். கவனியுங்கள்: கரையில் இருந்தவர்கள் கப்பலில் வந்தவர்களுக்கு உதவினார்கள், கப்பலில் வந்தவர் கரையில் கிடந்த நோயாளியைக் குணமாக்கினார். யார் அயலார் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

நம் காலத்திலும் இப்படி ஒரு கப்பல் இருந்தது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பலைக் கொரோனா தொற்றுக்காகத் தனிமைப்படுத்தி நிறுத்தி வைத்தார்களே, நினைவிருக்கிறதா? அதில் 3,711 பேர் இருந்தார்கள். 712 பேருக்குத் தொற்று வந்தது. இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் பயணிகள் அல்லர், வேலை செய்ய வந்தவர்கள். பயணிகள் அறைக்குள் தனித்திருந்தார்கள். சமையல்காரரும் பரிமாறுகிறவரும் தனித்திருக்க முடியுமா? அவர்கள் ஒவ்வொரு அறை வாசலுக்கும் சாப்பாடு கொண்டுபோனார்கள். இந்தியர்களில் 16 பேருக்கு நோய் வந்தது. 119 இந்தியர்களையும் வேறு சில நாட்டவர் ஐந்து பேரையும் ஏர் இந்தியா தனி விமானம் பிப்ரவரி 27ஆம் நாள் தில்லிக்குக் கொண்டுவந்தது. கப்பலின் தலைவர், இத்தாலியரான ஜென்னாரோ அர்மா, எல்லாரும் இறங்கிய பிறகு, மார்ச் 1ஆம் நாள் கடைசி ஆளாக இறங்கினார். சரியாக அந்த மாதம் 27ஆம் நாள், மழை பெய்த வெறிச்சோடிய புனித பேதுரு சதுக்கத்தில் நின்று, திருத்தந்தை பிரான்சிஸ், புயலில் சிக்கிய சீடர்களின் நற்செய்தியை எடுத்துக்கொண்டு, நாம் எல்லாரும் ஒரே படகில் இருக்கிறோம் என்று உலகுக்குச் சொன்னார்.

இன்னொரு செய்தி, வானொலியில் பேசும்போது சொல்லாமல் இருக்க முடியாது. 1931 பிப்ரவரி 12இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் தொடங்கிவைத்த வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனி. நான்கு ஆண்டு கழித்து, 1935இல், குயிதோ குயிதா என்ற இத்தாலிய மருத்துவர், நடுக்கடலில் மருத்துவர் இல்லாமல் நோயில் கிடக்கும் மாலுமிகளுக்கு வானொலி வழியாக இலவச மருத்துவ ஆலோசனை தரும் மையம் ஒன்றை உரோமையில் தொடங்கினார். அதன் முதல் தலைவரும் அதே மார்க்கோனிதான். இன்றுவரை அந்த மையம் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் பதில் சொல்லி வருகிறது. நற்செய்தியைக் கொண்டுபோன அதே அலை, 'இந்த மருந்தைக் கொடுங்கள்' என்ற சொல்லையும் கடலுக்கு அப்பால் கொண்டுபோனது. யாரோ ஒருவர் இரவில் அழைப்பை எடுக்கிறார். அவ்வளவுதான். நாம் எடுக்கவில்லை.

காலைத் திருப்பலி முடிந்த பிறகுதான் மகளின் செய்தியைப் பார்த்தோம். உடனே அழைத்தோம். பெரியவர் பிழைப்பாரா தெரியவில்லை என்றார் மகள். அந்தத் தீவில் கத்தோலிக்க ஆலயம் உண்டா என்று தேடினோம். இருந்தது. மொழி தெரியாத அந்தப் பங்குத்தந்தை, அரைகுறை ஆங்கிலத்தில் நாம் சொன்னதைப் புரிந்துகொண்டு, அன்று பிற்பகலே போய் நோயில்பூசுதல் அருளடையாளத்தைக் கொடுத்தார். நம் ஊரில் இன்னும் பலர் இதை 'அவஸ்தை பூசுதல்' என்றுதான் சொல்கிறார்கள். குருவானவர் எண்ணெயோடு வந்தால் முடிந்தது கதை என்று பயப்படுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: இது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியது அன்று, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே கேட்க வேண்டிய அருளடையாளம். சமாரியர் வார்த்த எண்ணெயும் பிழைக்க வைக்கத்தான். பெரியவர் கண் விழித்தபோது நெற்றியில் எண்ணெயின் ஈரத்தை உணர்ந்ததாகச் சொன்னார். மீண்டும் ஸ்டென்ட் வைத்தார்கள். பத்து நாள் கழித்து ஊர் திரும்பினார்.

திரும்பி வந்ததும் அம்மா பங்கு இல்லத்துக்கு வந்தார். நாம் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்பே அவர் சொன்னார்: "மூணு தடவ போட்டேனுங்க சாமி. ராத்திரி நேரம், அசந்து தூங்கியிருப்பீங்கன்னு விட்டுட்டேனுங்க." நாம் தூங்கவில்லை. அந்தச் சொல்லைவிடக் கடுமையான மறையுரையை நாம் கேட்டதில்லை. தூங்கவில்லை என்ற உண்மையை அன்றே அவரிடம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இனிமே எடுங்க சாமி" என்றார்.

அன்பார்ந்தவர்களே, இந்த அனுபவத்திலிருந்து சில காரியங்களைக் கற்றுக்கொண்டோம். மறையுரையில் மாத்திரைச் சீட்டைப் பற்றிப் பேசலாமா என்று யாரும் நினைக்க வேண்டாம். சமாரியரின் இரக்கம் எண்ணெய், துணி, காசு என்று கையில் பிடிக்கும் பொருளாகத்தான் வெளிப்பட்டது.

முதலாவது, உண்மை சொல்வோம். பெரியவருக்கு எடுத்த பயணக் காப்பீட்டில் ஸ்டென்ட் வைத்ததைக் குறிப்பிடவில்லை. சொன்னால் தொகை கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 'நோய் எதுவும் இல்லை' என்று எழுதினார்கள். காப்பீட்டுப் பணம் வரவில்லை. மகள் வீடு கட்டச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதும் போய்விட்டது. சர்க்கரை, இரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். அவசர மருத்துவ விமானச் செலவுக்கும் அந்தக் காப்பீடு பொறுப்பேற்குமா என்று கேட்டு வாங்குங்கள். பொய் சொல்லி மிச்சப்படுத்திய பணம், பெற்ற பிள்ளையின் தலையில் கடனாக விழும்.

இரண்டாவது, வலியை மறைப்பது தியாகம் ஆகாது. 'பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம்' என்று நம் பெரியவர்கள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறார்கள். நெஞ்சு பாரமாக இருந்து கை, தாடை, முதுகுக்கு வலி பரவினால் அந்த நிமிடமே சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குளறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். உடல் ஆண்டவர் தந்த கொடை. பயணச்சீட்டின் விலை அதைவிடப் பெரிது இல்லை.

மூன்றாவது, ஒரு சீட்டு எழுதுங்கள். பெயர், இரத்த வகை, நோய்கள், சாப்பிடும் மருந்துகளின் பெயர், ஒவ்வாத மருந்து, வீட்டிலிருப்பவர்களின் இரண்டு எண்கள். ஆங்கிலத்தில் ஒரு தாள், தமிழில் ஒரு தாள். மருந்தைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். கடவுச்சீட்டின் நகலைத் தனியே வையுங்கள். போகும் நாட்டின் அவசர எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்: சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, தாய்லாந்தில் 1669, இலங்கையில் 1990, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. இந்தியத் தூதரகத்தின் எண்ணும் வேண்டும். இக்கட்டில் மாட்டிக்கொண்ட வசதியற்ற இந்தியர்களுக்கு உதவ 2009இல் தொடங்கிய நல நிதி ஒன்று தூதரகங்களில் உண்டு. தானாகக் கிடைத்துவிடாது, நிலைமையைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். நம் மாநில அரசிலும் அயலகத் தமிழர்களுக்கென்று தனித் துறை இருக்கிறது.

நான்காவது, அங்கேயும் திருஅவை இருக்கிறது. 1920இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சில பொதுநிலையினர் தொடங்கிய கடல் திருத்தூதுப் பணி, இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்', அதாவது கடலின் விண்மீன் என்ற மரியன்னையின் பெயரில், உலகத் துறைமுகங்கள் பலவற்றில் இயங்குகிறது. நம் சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களிலும் அந்தப் பணி நடக்கிறது. நோயில் விழுந்தால் அருகிலுள்ள ஆலயத்துக்குச் சொல்லச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் சிலுவை அடையாளம் தெரியும்.

ஐந்தாவது, உடனிருப்போம். இது ஊரில் இருக்கும் நமக்கு. கப்பலில் போகிறவர் நம்மில் ஒருவர் இருவர். லாரியில் போகிறவர் எத்தனை பேர்! ரிக் வண்டியோடு வட மாநிலங்களில் மாதக்கணக்கில் கிடக்கிறவர் எத்தனை பேர்! அசாமிலோ ராஜஸ்தானிலோ காய்ச்சலில் படுத்திருக்கும் நம் பிள்ளைக்கும் இரவு ஒன்று உண்டு. அதேபோல் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பண்ணைகளில் முட்டை பொறுக்கும் இளைஞர்களுக்கு எருமப்பட்டிதான் வெளிநாடு. அவர்கள் அரசு மருத்துவமனை வாசலில் மொழி தெரியாமல் நிற்கும்போது கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் போய் உட்காரப் போவது யார்? புக்கெட்டில் நமக்குக் கிடைத்த கடனை இங்கேதான் அடைக்க முடியும்.

பேரவையில் இரண்டு முடிவுகள் எடுத்தோம். பங்கின் அலைபேசி இரவில் இனிக் கவிழ்ந்து கிடக்காது. அன்பியங்கள் முறை வைத்து, வாரத்துக்கு இருவர் இரவு அழைப்பை எடுக்கிறார்கள். ஏமாற்று அழைப்புகளும் வரத்தான் செய்கின்றன. 'வேண்டாம்' என்று சொல்லி வைத்துவிட ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. ஆனால் இந்த ஓராண்டில் இரண்டு உண்மையான அழைப்புகள் வந்தன. ஒன்று, நாக்பூர் பக்கத்தில் விபத்தில் சிக்கிய நம் ஓட்டுநர் ஒருவரிடமிருந்து. மற்றொன்று, நம் பண்ணை ஒன்றில் வேலை செய்யும் ஒடிசா இளைஞரின் பிரசவ வலி கண்ட மனைவிக்காக. இரண்டுக்கும் ஆள் போனது. இரண்டாவது முடிவு, திருவிழா மின்விளக்குச் செலவைப் பாதியாகக் குறைத்து, அந்தத் தொகையில் பயணிகள் உதவி நிதி ஒன்றை வைத்திருக்கிறோம். சென்ற திருவிழாவில் தேர் கொஞ்சம் மங்கலாகத்தான் போனது. யாரும் குறை சொல்லவில்லை.

திருச்சட்ட அறிஞர் இயேசுவிடம், எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்டார். ஆண்டவர் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: கள்வர் கையில் அகப்பட்டவருக்கு அயலார் ஆனவர் யார்? இரக்கம் காட்டியவரே என்று அவர் பதில் சொன்னார். நீரும் போய் அப்படியே செய்யும் என்றார் ஆண்டவர். மோசே சொன்னதும் அதுதான். கட்டளையைத் தேடிக் கடலைக் கடந்து போக வேண்டியதில்லை. அன்றிரவு அது நம் மேசைமேல், கை எட்டும் தூரத்தில், மூன்று முறை அதிர்ந்தது.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் அப்பா அம்மாவின் மாத்திரைகளைப் பார்த்து அந்தச் சீட்டை எழுதுங்கள். பிறகு, எடுக்காமல் விட்ட அழைப்பு ஏதாவது இருந்தால் திரும்ப அழையுங்கள்.

மன்றாடுவோம். கடலையும் காற்றையும் அடக்கிய ஆண்டவரே, கப்பலிலும் லாரியிலும் விமானத்திலும் போகிற எங்கள் உறவுகளைக் காத்தருளும். அந்நிய ஊரில் நோயில் கிடப்பவர்களுக்கு இந்த இரவில் ஒரு துணையை அனுப்பும். பெயர் தெரியாத அந்தச் சகோதரியை நிறைவாக ஆசீர்வதியும். மறுபக்கமாய் விலகிப் போன எங்களை மன்னித்து, அடுத்த அழைப்பை எடுக்கும் மனத்தைத் தாரும். கடலின் விண்மீனாகிய மரியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.